மண்ணுக்குள் நீரின் வேகத்தை அளந்த டார்சி

மோட்டாரை நிறுத்திய பிறகு கிணற்றில் நீர் எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பார்ப்பது உங்களுக்கு வழக்கம்தான். மணற்பாங்கான நிலத்தில் சீக்கிரம் ஊறும். களிமண் நிலத்தில் தாமதமாகும். இந்த வேறுபாட்டைச் சோதித்துக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். இன்று ஷேல் எனப்படும் களிப்பாறையை உடைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள் அவர் பெயரிலுள்ள அளவையே பயன்படுத்துகிறார்கள். அந்தத் தொழிலுக்கு ஏன் இவ்வளவு நீர் செலவாகிறது என்பதையும் அவருடைய கணக்கைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

ஊருக்கு நீர் தந்தவர்

டார்சி 1803 ஜூன் 10 அன்று பிரான்சின் டிஜோன் நகரில் பிறந்தார். 14 வயதில் தந்தையை இழந்தார். தாய் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். பாரிசில் பொறியியல் முடித்து, அரசின் சாலை, பாலத் துறையில் சேர்ந்து, சொந்த ஊருக்கே பணிக்கு வந்தார்.

டிஜோனில் அப்போது நல்ல குடிநீர் கிடையாது. நகருக்குள் போட்ட ஆழ்துளைக் கிணறும் போதிய நீர் தரவில்லை. டார்சி ஊருக்கு வெளியே இருந்த ரோசுவார் ஊற்றின் வரத்தை அளந்து, திட்டம் தீட்டினார். சுமார் 12.7 கி.மீ. தூரத்துக்கு மூடிய கால்வாய் கட்டி, பம்பு ஏதும் இல்லாமல், நிலச் சரிவை மட்டுமே நம்பி நீரைக் கொண்டுவந்தார். 1840 செப்டம்பரில் நகருக்கு நீர் வந்தது. தெருக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுக் குழாய்கள் அமைந்தன. இந்த வேலைக்கு உரிய பணத்தை அவர் வாங்கவில்லை. ஒரு தங்கப் பதக்கத்தையும், ஆயுள் முழுவதும் வீட்டுக்கு இலவசமாக நீரையும் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

மணல் குழாய்ச் சோதனை

1848-இல் ஆட்சி மாறியது. அவரை டிஜோனிலிருந்து வேறு ஊருக்கு மாற்றினார்கள். பிறகு பாரிசின் நீர்ப் பணிகளைக் கவனித்தார். உடல்நலம் கெட்டதால் பொறுப்பை விட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். 1855, 1856 ஆண்டுகளில், டிஜோன் மருத்துவமனை வளாகத்தில் நிறுத்திய இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, நீரைச் செலுத்தி அளந்தார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். மணல் அடுக்கு நீண்டால் ஓட்டம் குறையும். மீதி அந்த மணலின் தன்மையைப் பொறுத்தது என்று கண்டார். 1856-இல் வெளியிட்ட புத்தகத்தின் பின்னிணைப்பில் இதை எழுதினார். 1858 ஜனவரி 3 அன்று, 54 வயதில் இறந்தார். டிஜோனில் ஒரு சதுக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நீர் விடாத பாறை

ஒரு பொருள் எவ்வளவு எளிதாகத் திரவத்தை விடும் என்பதை இன்று 'டார்சி' என்ற அலகால் குறிக்கிறார்கள். நல்ல மணலில் அது சில டார்சி இருக்கும். ஷேலில் ஒரு டார்சியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் நூறு கோடியில் ஒரு பங்குதான். கிணறு தோண்டிக் காத்திருந்தால் அதிலிருந்து எதுவும் ஊறி வராது. அதனால் ஆழத்தில் பக்கவாட்டாகத் துளையிட்டு, நீரோடு மணலும் ரசாயனமும் கலந்து, பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கும்.

இப்படி ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் நீர் செலவாவது அமெரிக்காவில் சாதாரணம். ஒரு பருவ நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் என்று வைத்தால், இது ஏறக்குறைய மூன்று ஏக்கருக்கான நீர். டெக்சஸ் மாநிலத்தின் மொத்த நீர்ச்செலவில் இந்தத் தொழிலின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று 2012-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆனால் கிணறுகள் மாநிலம் முழுவதும் பரவி இருப்பதில்லை. தெற்கு டெக்சஸின் ஈகிள் ஃபோர்டு போன்ற வறண்ட பகுதியில் அவை நெருக்கமாக அமைகின்றன. பாசனத்துக்கும் குடிநீருக்கும் உதவும் நிலத்தடி நீரையே எடுக்கின்றன. 2011-இல் அங்கே கடும் வறட்சி வேறு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வயலுக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. பாறைக்குள் செலுத்திய நீரில் ஒரு பகுதி ஆழத்திலேயே தங்கிவிடுகிறது. திரும்பி வருவது உப்பும் ரசாயனமும் கலந்தது. சுத்திகரிக்காமல் பயிருக்கு விட முடியாது. டார்சி பிறந்த பிரான்ஸ் 2011-இல் இந்த முறையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

நம் பகுதியில் கடினப்பாறை ஆழ்துளைக் கிணறுகளில் ஊற்றுக்கண் திறக்க நீரை அழுத்திச் செலுத்துவதுண்டு. அதற்குத் தேவைப்படும் நீர் மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டார்சி செய்த அளவீட்டை நீங்களும் எளிதாகச் செய்யலாம். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் போடும் முன்பும், நிறுத்தியதும், பிறகு மணிக்கு ஒருமுறையும் திறந்த கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். கோடையிலும் மழைக்குப் பிறகும் அளந்தால், எத்தனை ஏக்கருக்கு அந்தக் கிணறு தாங்கும் என்பது விதைக்கும் முன்பே தெரிந்துவிடும். உங்கள் ஊரில் யாராவது பெரிய அளவில் நிலத்தடி நீர் எடுக்க வந்தால், உங்கள் பக்கம் பேச அந்த நோட்டுப் புத்தகமே கையில் இருக்கும்.