ஐந்தடிக்கும் குறைந்த ஆசிரியை

இங்கிலாந்துப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தை எழுதுவோர் எம்மலின் பாங்க்கர்ஸ்ட்டை மறப்பதில்லை. அவரைக் காத்த பெண்களுக்குப் பயிற்சி தந்த எடித் கேருட் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்.

1872-இல் பாத் நகரில் பிறந்த எடித், ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். உடற்பயிற்சி ஆசிரியரான கணவர் வில்லியமுடன் லண்டனில் குடியேறியபின், சோஹோவில் சடகாசு உயெனிஷி நடத்திய பள்ளியில் ஜுஜுட்சு பயின்றார். எதிராளியின் பலத்தை அவருக்கு எதிராகவே திருப்பும் ஜப்பானியக் கலை அது. உடல்வலு குறைந்தோருக்கு இதைவிடச் சிக்கனமான தற்காப்பு இல்லை என்பது பொருளியல் படித்த என் கணிப்பு. உயெனிஷி இங்கிலாந்தை விட்டுச் சென்றதும் தம்பதியர் பள்ளியை ஏற்றனர். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எடித் கற்பித்தார்.

1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தின் முன் திரண்ட பெண்களைக் காவலர்கள் மணிக்கணக்கில் அடித்தும் இழிவுபடுத்தியும் விரட்டினர். 1913-இல் வந்த சட்டம் இன்னும் குரூரமானது. சிறையில் உண்ணாநோன்பிருந்து நலிந்தவரை விடுவித்து, உடல் தேறியதும் மீண்டும் பிடிப்பார்கள். பூனை-எலிச் சட்டம் என்றே மக்கள் அதனை அழைத்தனர். தலைவர்களைக் காக்க ஏறத்தாழ 30 பெண்கள் கொண்ட மெய்க்காவல் படை அமைந்தது. காவல்துறை அறியாவண்ணம் இடம் மாற்றி மாற்றி எடித் அவர்களுக்குப் பயிற்சியளித்தார். உடைக்குள் அவர்கள் மறைத்து வைத்திருந்த ஆயுதம் நம் கர்லாக்கட்டையின் ஆங்கிலேய வடிவம்!

1914 மார்ச்சில் கிளாஸ்கோ அரங்க மேடையிலேயே இருதரப்பும் மோதின. பாங்க்கர்ஸ்ட் கைதானார், ஆனால், காவலர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை.

1918-இல் 30 வயதைக் கடந்த பெண்களில் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்கு நிகரான உரிமை வர 1928 ஆயிற்று. எடித் 1971-இல், 99-ஆம் வயதில் காலமானார்.