பேட்டரியே இல்லாத ரிமோட்: யார் இந்த ராபர்ட் அட்லர்?

புது கம்ப்யூட்டர் வந்தாச்சு. டிவியோடு இணைத்தும் ஆச்சு. சோபாவில் சாய்ந்தபடி பழைய ரிமோட்டை எடுத்து அழுத்தினால், ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி மாற்றிப் பார்க்கிறார்கள். பின்பக்கம் ரெண்டு தட்டு தட்டிப் பார்க்கிறார்கள். ம்ஹூம்! ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் சிக்னலை வாங்கும் அகச்சிவப்பு ரிசீவர்தான் புது கம்ப்யூட்டரில் இல்லை.

பல வருஷமாகக் கையில் பழகிய ரிமோட் ஒரே நாளில் வேஸ்ட் ஆகும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இது புதுக்கதை இல்லை. வீட்டு ரிமோட்டை உலகம் முழுக்கப் பழக்கமாக்கிய ராபர்ட் அட்லரின் கண்டுபிடிப்புக்கே இந்த கதி நேர்ந்தது.

வியன்னாவில் இருந்து சிகாகோ

அட்லர் பிறந்தது 1913 டிசம்பர் 4, ஆஸ்திரியாவின் வியன்னாவில். யூதக் குடும்பம். வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியது 1937-ல். அடுத்த ஆண்டே ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை. பெல்ஜியம், இங்கிலாந்து என்று சுற்றி, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1941-ல் சிகாகோவில் இருந்த ஜெனித் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. ரேடியோ, டிவி தயாரிக்கும் கம்பெனி அது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் விமான ரேடியோக்களுக்கான கருவிகளில் வேலை செய்தார். போர் முடிந்ததும் டிவி பக்கம் திரும்பினார்.

விளம்பரம் பிடிக்காத முதலாளி

ஜெனித்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு டிவி விளம்பரங்கள் என்றாலே ஆகாது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே விளம்பரத்தின் வாயை அடைக்க ஒரு கருவி வேண்டும் என்று இன்ஜினீயர்களை விரட்டிக்கொண்டே இருந்தார்.

1950-ல் 'லேசி போன்ஸ்' வந்தது. அது டிவியோடு நீளமான வயரில் இணைந்திருக்கும் ரிமோட். ஹாலில் நடக்கிறவர்கள் காலை அந்த வயர் தட்டிவிட்டது. 1955-ல் இதே கம்பெனியின் யூஜின் பாலி, 'ஃபிளாஷ்மேட்டிக்' என்ற வயர் இல்லாத ரிமோட்டைச் செய்தார். டார்ச் மாதிரி வெளிச்சத்தை டிவியின் நாலு மூலைகளில் அடித்தால் வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், ஜன்னல் வழியே வெயில் பட்டாலும் டிவி தானாகவே சேனலை மாற்றிவிடும்!

ரேடியோ அலையைப் பயன்படுத்தலாமா என்று யோசித்தார்கள். அது சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு டிவியையும் இயக்கிவிடும். அதனால் அதுவும் சரிப்படவில்லை.

பேட்டரி ஏன் வேண்டாம் என்றார்கள்?

ரிமோட்டில் பேட்டரியே இருக்கக்கூடாது என்று ஜெனித்தின் விற்பனைப் பிரிவு இன்னொரு கண்டிஷனும் போட்டது. காரணம் சிம்பிள். பேட்டரி தீர்ந்தால், டிவிதான் ரிப்பேர் என்று கஸ்டமர் நினைத்துவிடுவார்.

அட்லரின் பதில், மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலி. 1956-ல் வெளிவந்த அவருடைய 'ஸ்பேஸ் கமாண்ட்' ரிமோட்டுக்குள் இருந்தவை நாலு அலுமினியக் கம்பிகள். பட்டனை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் கம்பியைத் தட்டும். ஒவ்வொரு கம்பியின் நீளமும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், எழும் ஒலியும் வேறுபடும். டிவி அதைக் கேட்டு, எந்த பட்டன் என்று புரிந்துகொள்ளும். அடுத்த சேனல், முந்தைய சேனல், சத்தத்தை நிறுத்த, டிவியை ஆன் ஆஃப் செய்ய என்று மொத்தம் நாலே பட்டன். கிட்டத்தட்ட ஒரு இசைக்கருவி மாதிரிதான். அழுத்தும்போது வந்த 'கிளிக்' சத்தத்தால்தான் அமெரிக்காவில் ரிமோட்டுக்குக் 'கிளிக்கர்' என்ற பெயரே வந்தது.

ரிமோட் எளிமையாக இருந்தாலும், அதைக் கேட்கும் வேலை லேசானது இல்லை. அதற்காக டிவிக்குள் 6 வால்வுகளைக் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. டிவியின் விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. சாவிக்கொத்து குலுங்கினால்கூட சில நேரம் சேனல் மாறியது. ஆனாலும் மக்கள் வாங்கினார்கள். சுமார் 25 ஆண்டுகளில் 90 லட்சம் மீயொலி ரிமோட் டிவிகள் விற்றன.

காது மூடிய டிவிகள்

1980-களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு ரிமோட் வந்தது. இதில் நிறைய பட்டன்கள் வைக்கலாம், செலவும் குறைவு. புது டிவிகள் மீயொலியைக் கேட்பதை நிறுத்திவிட்டன. நல்ல நிலையில் இருக்கும் ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட் இன்றைக்கும் 'கிளிக்' என்று ஒலி எழுப்பும். கேட்கத்தான் டிவி இல்லை.

கம்ப்யூட்டரில் நடந்ததும் இதேதான். 2005-ல் ஆப்பிள், ஐமேக் கம்ப்யூட்டரோடு 6 பட்டன் கொண்ட குட்டி ரிமோட்டைக் கொடுத்தது. பாட்டு, போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் தூரத்தில் இருந்தே இயக்க 'ஃப்ரண்ட் ரோ' என்ற சாஃப்ட்வேரும் இருந்தது. 2011-ல் வந்த லயன் இயங்குதளத்தில் ஃப்ரண்ட் ரோ இல்லை. 2012-ன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் அகச்சிவப்பு ரிசீவரும் இல்லை. விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். ரிமோட்டில் இயங்கும் 'மீடியா சென்டர்' 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் காணாமல் போனது.

படம் பார்க்கத் தனி ஸ்ட்ரீமிங் பெட்டிகள் வந்துவிட்டன, போனே ரிமோட் ஆகிவிட்டது, கம்ப்யூட்டரும் மெலிந்துகொண்டே போகிறது. கம்பெனிகளின் கணக்கில் இதெல்லாம் நியாயமாக இருக்கலாம். ஆனால் இருட்டில், திரையைப் பார்க்காமல், விரலால் தடவியே அழுத்தும் வசதி போன் ஆப்பில் கிடைக்காது. பழைய ரிமோட்டை விட மனசில்லாதவர்களுக்கு, யுஎஸ்பி போர்ட்டில் செருகும் அகச்சிவப்பு ரிசீவர்தான் இப்போதைக்கு வழி.

கடைசி விண்ணப்பம்

தன் ரிமோட் பழசானதற்காக அட்லர் ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் மட்டும் 180-க்கும் அதிகமான காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 1997-ல் ரிமோட்டுக்காக அவரும் பாலியும் எம்மி விருதால் கௌரவிக்கப்பட்டார்கள். இதில் வேடிக்கை, அவர் டிவியே அதிகம் பார்க்காதவர்.

பிற்காலத்தில் அவர் உழைத்தது டச் ஸ்கிரீனில். கண்ணாடியின் மேல் ஓடும் ஒலி அலையை விரல் எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை அது. இன்றைய போன்களில் இருப்பது வேறு வகை. ஆனால் பட்டன் இல்லாமல் தொட்டு இயக்குவது என்ற எண்ணம் ஒன்றுதான். டச் ஸ்கிரீன் தொடர்பான அவருடைய கடைசிக் காப்புரிமை விண்ணப்பம் 2007 பிப்ரவரி 1 அன்று வெளியானது. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15-ல், 93 வயதில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் காலமானார்.

பட்டன் ரிமோட்டை வீடுகளுக்குக் கொண்டுவந்தவரே, பட்டன் இல்லாத காலத்துக்கும் வழி அமைத்துவிட்டுப் போனார். ஆனால் ரிமோட் வேலை செய்யாவிட்டால் வீட்டில் இருப்பவர் என்ன நினைப்பார் என்ற கேள்வியில் இருந்துதான் அவருடைய ஸ்பேஸ் கமாண்ட் பிறந்தது. ரிசீவரை எடுத்துவிடும் கம்பெனிகள் கேட்க மறந்த கேள்வியும் அதுதான்.