ஜோகேந்திரநாத் மண்டல்: இரு நாடுகளும் கைவிட்ட தலைவர்

1947 ஆகஸ்டில் கராச்சியில் கூடிய பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் அமர்வுக்குத் தற்காலிகத் தலைவராக வீற்றிருந்தவர் ஒரு தலித். மூன்றே ஆண்டுகளில் அந்நாட்டின் அமைச்சர் பதவியைத் துறந்து கல்கத்தா திரும்பியவரும் அவரே. தலித்துகளும் இசுலாமியரும் ஒன்றுபட இயலாது என்பதற்குச் சான்றாகவே வங்கத்தின் ஜோகேந்திரநாத் மண்டலைப் பலர் இன்று சுட்டுகின்றனர். அவரது வாழ்வை முழுமையாக நோக்குவோர்க்கு வேறொரு பாடம் புலப்படும்.

கிழக்கு வங்கத்தின் பாரிசால் பகுதியில் 1904இல் நாமசூத்திரர் குடும்பத்தில் மண்டல் பிறந்தார். சண்டாளர் என்று அரசு ஏடுகளில் இழித்துரைக்கப்பட்ட அம்மக்கள், நெடிய போராட்டத்திற்குப் பின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் தம் பெயரை மீட்டனர். சட்டம் பயின்ற மண்டல், 1937 தேர்தலில் பொதுத் தொகுதியில் சுயேச்சையாக நின்று காங்கிரஸ் வேட்பாளரை வென்றார். தனித் தொகுதிக்கு வெளியே ஒரு தலித் பெற்ற அவ்வெற்றி அரிதினும் அரிது.

கிழக்கு வங்கத்தின் வயல்களில் நாமசூத்திரரும் இசுலாமிய உழவரும் அருகருகே உழைத்தனர். நிலவுடைமையும் வட்டித்தொழிலும் பெரும்பாலும் சாதி இந்துக்களின் கையில் இருந்தன. இவ்விரு உழைக்கும் மக்களின் நலனும் ஒன்றே என்னும் கணிப்பே மண்டலை முஸ்லிம் லீகோடு இணைத்தது. 1943இல் வங்க அமைச்சரானார். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வங்கக் கிளையையும் கட்டியெழுப்பினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு வங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட மண்டலின் உழைப்பே பெருந்துணையாயிற்று. அரசமைப்புச் சட்ட வரலாற்றில் இது நாம் மறக்கலாகாத கடன்.

வங்கத்தைப் பிரிப்பதை மண்டல் எதிர்த்தார். பிரிந்தால் நாமசூத்திரரின் ஒன்றுபட்ட வலிமை இரு நாடுகளிடையே சிதறும் என்று அஞ்சினார். அவ்வச்சம் மெய்யாயிற்று. அம்மக்களின் ஊர்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானுக்குள் சென்றன. மண்டல் தம் மக்களோடு அங்கேயே நின்று, அந்நாட்டின் முதல் சட்டம், தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார்.

1948இல் ஜின்னா மறைந்தார். 1949 டிசம்பரில் குல்னா மாவட்டத்தின் கால்சிராவில் நாமசூத்திரர் மீது காவல்துறை வன்முறையை ஏவியது. 1950 பிப்ரவரியில் டாக்காவிலும் பாரிசாலிலும் கலவரம் மூண்டது. அமைச்சராய் இருந்தும் தம் மக்களைக் காக்க மண்டலால் இயலவில்லை. 1950 அக்டோபரில், அக்கொடுமைகளையும் மீறப்பட்ட உறுதிமொழிகளையும் நிரல்படுத்திய நீண்ட கடிதத்தைப் பிரதமர் லியாகத் அலி கானுக்கு எழிதிப் பதவி விலகினார்.

இந்தியாவும் அவரை ஏற்கவில்லை. துரோகி என்ற பழியோடு, மேற்கு வங்கத்தில் போட்டியிட்ட தேர்தல்களில் தோல்வியே கண்டார். கல்கத்தாவில் உறவும் உடைமையும் வாய்த்த மேல்சாதியினர் பலர் முன்னரே குடிபெயர்ந்துவிட்டிருக்க, நிலத்தை நம்பி வாழ்ந்த நாமசூத்திரர் 1950க்குப் பின்னரே பெருந்திரளாக வந்தனர். முகாம்களில் அடைபட்ட அவர்களுள் பல்லாயிரவர் பின்னர்த் தொலைதூரத் தண்டகாரண்யக் காடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வகதிகளின் உரிமைக்காக உழைத்த மண்டல் 1968இல் மறைந்தார்.

மண்டல் பிழையே செய்யவில்லை என்பதற்கில்லை. தலைவர்களின் வாய்ச்சொல்லை நம்பினார்; தம் மக்களின் பாதுகாப்பைச் சட்டத்தில் நிலைநாட்டும் முன்னரே புதிய அரசோடு தம்மைப் பிணைத்துக்கொண்டார். அதற்கான விலையை அவரினும் அவர்தம் மக்களே மிகுதியாகச் செலுத்தினர். எனினும், உழைக்கும் மக்கள் ஒன்றுபட வேண்டும் என்னும் அவரது அடிப்படை பிழையன்று. அதிகாரம் கைமாறிய வேளையில் எல்லையை வகுத்தோர் எவரும் நாமசூத்திரரின் ஒப்புதலைக் கேட்கவில்லை. மண்டலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர் விடையளிக்க வேண்டியது அதற்கே.