பட்டதாரி வந்தார் பட்டிக்காட்டுக்கு!

கைக்குழந்தையோடு ஓர் அடிமைத் தாயைக் கொள்ளையர் கடத்திச் சென்றனர். குழந்தை திரும்பக் கிடைத்தது, தாய் கிடைக்கவேயில்லை. மீட்டு வந்தவனுக்குப் பண்ணை முதலாளி தந்த பரிசு ஒரு குதிரை! ஒரு மனித உயிருக்கு அன்று அதுதான் விலை, தோழர்களே!

அந்தக் குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். 1864ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. சட்டத்தில் ஒழிந்தது, சமுதாயத்தில் ஒழிந்ததா? ஊர்ப் பள்ளியில் கறுப்புச் சிறுவனுக்கு இடமில்லை. வேற்றூருக்கு நடந்தார், படிக்க. கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரியொன்று விண்ணப்பத்தைப் பார்த்து இடம் தந்தது. முகத்தைப் பார்த்ததும் கதவடைத்தது!

கார்வர் கலங்கவில்லை. ஊரார் துணியை வெளுத்தார். அந்தக் கூலியில் படித்தார். 1891இல் அயோவா வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அடியெடுத்து வைத்த முதல் கறுப்பு மாணவர் அவரே. 1894இல் பட்டம், 1896இல் முதுநிலைப் பட்டம். ஆசிரியர் பதவியும் அங்கேயே கிடைத்தது.

அங்கேயே அமர்ந்திருக்கலாம். ஆனால், அலபாமா மாநிலத்தின் டஸ்கிகியில் கறுப்பு மக்களுக்கெனக் கல்விக்கூடம் நடத்திய புக்கர் வாஷிங்டன் அழைத்தார். 1896லேயே புறப்பட்டுவிட்டார் கார்வர்.

அங்கே கண்டதென்ன? ஆண்டுதோறும் பருத்தியே விளைவித்துச் சத்திழந்த மண்! கடனில் மூழ்கிய வாரதாரர்கள்! நிலக்கடலையும் தட்டைப்பயறும் மாற்றிப் பயிரிடுங்கள், அவை காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்றார். உரம் வாங்கக் காசில்லையா? காட்டுச் சருகை மட்கவைத்து இடுங்கள் என்றார்.

சொல்லிவிட்டால் போதுமா? ஏரை விட்டுவிட்டு உழவன் கல்லூரிக்கு வர முடியுமா? ஆகவே, 1906இல் கல்லூரியே வண்டியேறியது! கலப்பையும் விதையும் உரமும் சுமந்து ஊர் ஊராகச் சென்றது. வண்டிக்குப் பணம் ஜெசப் என்ற செல்வர் தந்தார். டஸ்கிகியில் படித்த தாமஸ் காம்பெல் அதை நடத்தினார். அவரை அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை தன் அலுவலராக நியமித்தது. அறிவு அயோவாவில் பெற்றது; களம் டஸ்கிகி தந்தது; அரசும் கை கொடுத்தது. பலர் கூடி இழுத்த தேர் அது!

நிலக்கடலையை உணவாக்க 105 வழிகளை எழுதி 1916இல் வெளியிட்டார் கார்வர். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சொல்வார்கள். அது தவறு. அந்த இரவல் புகழ் அவருக்குத் தேவையுமில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. நிலம் வேறொருவனுடையது. கடனுக்கு ஈடாகப் பருத்தியே வேண்டும் என்றான் அவன். பயிரை மாற்றும் வித்தையைக் கற்ற உழவனுக்குப் பயிரை மாற்றும் உரிமை இல்லை! அறிவு மண்ணைத் திருத்தலாம். மண்ணுக்குரியவன் யார் என்ற வழக்கை அது மட்டும் தீர்த்துவிடாது.

சேர்த்த பணத்தை ஆராய்ச்சிக்கே எழுதி வைத்துவிட்டு, 1943 ஜனவரி 5இல் கண் மூடினார் கார்வர்.

கிராம முன்னேற்றத்துக்கென முதுநிலைப் படிப்பு நடத்த இன்று பல்கலைக்கழகங்கள் கைகோத்துக்கொள்கின்றன. நல்லது, வரவேற்போம்! ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டு வைப்போம். பட்டம் பெறுகிறவர் வண்டியேறி வயலுக்கு வருவாரா? அவர் சொல்வதைச் செய்துபார்க்க, உழுகிறவன் கையில் உரிமை இருக்குமா?