நிபுணர் சபையும் தேச நன்மையும்
டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் வாழ்க்கை

ஒரு தேசத்தின் செல்வம் அதன் மண்ணிலும் சுரங்கத்திலும் கிடந்தால் மட்டும் போதாது. அதை எடுத்துப் பயன்படுத்தும் அறிவும் அத்தேசத்தாரிடமே இருத்தல் வேண்டும். எந்த ஆராய்ச்சியை முதலில் நடத்துவது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, கண்டறிந்ததை எந்தத் தொழிலுக்கு அளிப்பது என்பவற்றையெல்லாம் மந்திரிகள் தாமே தீர்மானிக்க இயலாது. அதற்கு நிபுணர்களின் ஆலோசனை வேண்டும். ஆனால், சர்க்கார்கள் நியமிக்கும் கமிட்டிகளின் கதி நாம் அறிந்ததே. அவை கூடுகின்றன, அறிக்கை எழுதுகின்றன, அறிக்கை அலமாரியில் உறங்குகிறது. அந்தக் கதிக்கு ஆளாகாத ஒரு சபையை, அதுவும் அந்நிய ஆட்சியின் கீழேயே, உருவாக்கிய பெருமையில் பெரும் பங்கு டாக்டர் பட்நாகருக்கு உரியது.

பட்நாகர் 1894-ஆம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி பஞ்சாபில் பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாயிருக்கும்போதே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் ஓர் இன்ஜினீயர். அவர் வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு யந்திரங்களில் இளமையிலேயே பற்று உண்டாயிற்று. லாகூரில் கல்வி கற்று, உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் சென்று, 1921-ல் டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். காசி ஹிந்து சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியராக அமர்ந்தார். அச்சர்வகலாசாலையின் கீதத்தை இயற்றியவரும் அவரே. 1924-ல் லாகூர் சர்வகலாசாலைக்குச் சென்றார்.

அவருடைய குணத்தைக் காட்டும் சம்பவம் ஒன்று அங்கே நிகழ்ந்தது. ராவல்பிண்டிப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஆங்கிலக் கம்பெனி ஒன்றுக்குப் பெரிய இடையூறு நேர்ந்தது. துளையில் செலுத்தும் சேறு உப்புநீர் பட்டவுடன் இறுகி, வேலையைத் தடுத்தது. நம் நாட்டுக் கோந்தைச் சேற்றில் கலந்தால் அது இறுகாது என்று பட்நாகர் கண்டு சொன்னார். மகிழ்ந்த கம்பெனியார் ஆராய்ச்சிக்காக ஒன்றரை லட்ச ரூபாய் அளிக்க முன்வந்தனர். அத்தொகையைத் தம் கையில் வாங்காமல், சர்வகலாசாலையின் மூலமாகவே அவர் பெறச் செய்தார். அதைக் கொண்டு பெட்ரோலிய ஆராய்ச்சிக்கென ஒரு பகுதி அங்கே ஏற்பட்டது. பிற்காலத்தில் கோடிக்கணக்கான பொதுப்பணத்தைக் குறித்து யோசனை கூற வேண்டியவருக்கு இதைவிடச் சிறந்த யோக்கியதாபத்திரம் வேறென்ன வேண்டும்?

1939-ல் யுத்தம் மூண்டது. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த ரசாயனச் சரக்குகளுக்கு முட்டுப்பாடு உண்டாயிற்று. அதுவரை இந்தியாவின் தொழில் ஆராய்ச்சியில் சிரத்தை கொள்ளாத சர்க்காருக்கு அப்பொழுதுதான் கண் திறந்தது. 1940 ஏப்ரல் மாதம் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி போர்டு ஏற்பட்டது. வர்த்தக மெம்பராயிருந்த ஸர் ஆற்காடு ராமசாமி முதலியார் அதன் தலைவர், பட்நாகர் டைரக்டர். வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய்தான் மானியம். ஆயுளோ இரண்டே வருஷம்.

இங்கேதான் இவ்விருவரின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. யோசனை சொல்வது மட்டும் போதாது, அது தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கண்டு, 1941-ல் ஆராய்ச்சியின் பலனைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதற்கென்று தனிக் கமிட்டி ஒன்றை ஏற்படுத்தினர். தொழிலதிபர்கள் செலுத்தும் ராயல்டி பொதுக் கஜானாவில் கரைந்துபோகாமல் மேலும் ஆராய்ச்சிக்கே ஆகவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வருஷம் நவம்பரில், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் பத்து லட்ச ரூபாய் ஒதுக்கும்படி மத்திய சட்டசபையை முதலியார் இசையச் செய்தார். 1942 செப்டம்பர் 26-ந் தேதி விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் தோன்றியது. அது சர்க்கார் இலாகாக்களில் ஒன்றாக அமையவில்லை. 1860-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவான சங்கமாகவே அமைந்தது. பழைய போர்டும் கமிட்டியும் அதற்கு ஆலோசனை சபைகளாயின.

அந்த மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டுப் போராட்டம் தொடங்கி ஏழு வாரம் ஆகவில்லை. தேசத் தலைவர்கள் சிறையில் இருந்தனர். ஏகாதிபத்தியத்தின் யுத்தத் தேவைக்கெனப் பிறந்த ஸ்தாபனத்தை, ஸர் பட்டம் பெற்ற ஓர் உத்தியோகஸ்தர் நடத்துவதைத் தேசபக்தர்கள் சிலர் சந்தேகத்துடன் நோக்கியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் பட்நாகர் யுத்தத்துக்கு அப்பாலும் நோக்கினார். 1943-ல் ரசாயனம், பௌதிகம், உலோகம், எரிபொருள், கண்ணாடி ஆகியவற்றுக்கு ஐந்து தேசிய ஆராய்ச்சிச்சாலைகள் வேண்டுமென்ற அவருடைய திட்டத்தைக் கவுன்சில் ஏற்றது. டாட்டா ஸ்தாபனத்தார் இருபது லட்சம் அளித்தனர். சுதந்திரம் வந்ததும் பிரதமர் நேருவே கவுன்சிலுக்குத் தலைவரானார். 1950-ல் புனாவிலும் டில்லியிலும் ஆராய்ச்சிச்சாலைகள் திறக்கப்பட்டன. நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் வழங்க, மின்ரசாயன ஆராய்ச்சிச்சாலைக்கு 1948 ஜூலையில் நேரு அஸ்திவாரம் இட்டார்.

இதற்கு மாறான அபிப்பிராயமும் இருந்தது; அதை மறைத்தல் நியாயமாகாது. ஆராய்ச்சியைத் தனி மாளிகைகளுக்குக் கொண்டுபோனால், இளைஞர்களைப் பழக்கும் சர்வகலாசாலைகள் வறண்டுவிடும் என்று பேராசிரியர் மேகநாத சாஹா கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை இருந்தது. 1953-ல் சர்வகலாசாலை மானியக் கமிஷனின் முதல் தலைவராகப் பட்நாகரே நியமிக்கப்பட்டபோது, குறையை நீக்கும் வாய்ப்பு அவர் கைக்கே வந்தது. காலன் இடம் கொடுக்கவில்லை. 1955 ஜனவரி முதல் தேதி மாரடைப்பால் காலமானார்.

அவர் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடம் தெளிவானது. நிபுணர் சபைக்கு அறிவு மட்டும் இருந்தால் அது வெறும் அலங்காரம். சொன்னதைச் செய்து காட்டப் பணமும் ஆராய்ச்சிச்சாலையும் வேண்டும். சொல்பவர் கை சுத்தமாயிருத்தல் வேண்டும். தம்மைக் கண்டிக்கும் சாஹாக்களுக்கும் செவிசாய்த்தல் வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் அறிக்கை அலமாரிக்கே போகும். அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வது, பணம் கொடுக்கும் ஜனங்களாகிய நம்முடைய கடமையுமாகும்.