மூளையைப் பகுத்தறிந்த மேதை தூடிகும்

– இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

உடலின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்விலுள்ள கொழுப்பு எல்லாத் திசுக்களிலும் ஒரே வகையினதன்று. கருவில் செல்கள் நரம்பாகவும் தசையாகவும் ஈரலாகவும் வேறுபடும்போது, சவ்வுக் கொழுப்பின் வகையும் அளவும் மாறுகின்றன. இவ்வறிவுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் ஜோஹான் லூட்விக் வில்ஹெல்ம் தூடிகும் ஆவார்.

இவர் 1829 ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள பியூடிங்கன் என்னும் ஊரில் பிறந்தார். கீசன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, புகழ்பெற்ற வேதியியலறிஞர் லீபிக்கிடம் பயிற்சி பெற்றார். 1853 இல் இலண்டனில் குடியேறி மருத்துவத் தொழில் நடத்தினார். நோய்களை வேதியியல் வழியே ஆராயும் பணியை ஆங்கில அரசு அவருக்கு அளித்தது. நோயுற்ற மூளையை அறிய வேண்டுமாயின், நலமான மூளையை முதலில் அறிய வேண்டுமன்றோ? அவ்வாய்வில் அவர் இறங்கினார்.

அக்காலத்தில் மூளையின் சிறப்புப் பொருள் ‘புரோட்டகான்’ என்னும் ஒரே சேர்மம் என்று நம்பினர். 1865 இல் லீப்ரைக் என்பார் வெளியிட்ட கருத்து அது. தூடிகும் மூளைத் திசுவை ஆல்கஹாலில் கரைத்துக் குளிரவைத்தார். படிந்ததை ஈதராலும் உலோக உப்புகளாலும் பன்முறை பிரித்தார். புரோட்டகான் தனிப்பொருளன்று, கலவையே எனக் கண்டார். செஃபாலின், ஸ்பிங்கோமயலின், செரிப்ரோசைடுகள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார். புதிராய் நின்ற ஒரு பொருளுக்கு, கிரேக்கப் புராணத்தில் விடுகதை போடும் ஸ்பிங்ஸின் நினைவாக ‘ஸ்பிங்கோசின்’ எனப் பெயரிட்டார். இவற்றையெல்லாம் 1884 இல் நூலாக வெளியிட்டார்.

புகழ்மாலை கிட்டவில்லை. பெயர்பெற்ற அறிஞர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினர். மருத்துவத் தொழிலில் ஈட்டிக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்த அவர், 1901 இல் காலமானார். பின்னரே புரோட்டகான் கலவை என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது.

அவர் கண்ட செரிப்ரோசைடின் சிறப்பு இன்று நன்கு விளங்குகிறது. மூளையில் ஒலிகோடென்ட்ரோசைட் என்னும் செல் முதிரும்போது, அதன் சவ்வில் காலக்டோசெரிப்ரோசைடு தோன்றுகிறது. அச்சவ்வே நரம்பிழையைச் சுற்றி மயலின் உறையாகிறது. உலர்ந்த மயலினின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பே. காஷே நோயில் குளுக்கோசெரிப்ரோசைடும், நீமன்–பிக் நோயின் சில வகைகளில் ஸ்பிங்கோமயலினும் சிதையாமல் செல்களில் தேங்குகின்றன. நலமான திசுவை முதலில் அறிய முனைந்தவரின் உழைப்பு, இவ்வாறு நோயாளிக்கும் பயன்படுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பெரியவர்கள் சொல்வதே முடிவு என்று கேட்டு வளர்ந்தவன். பெரியோர் கூற்றையும் சோதனைக் குழாயில் இட்டுப் பார்க்கலாம் என்பதே தூடிகுமின் வாழ்வு நமக்குத் தரும் பாடம். மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் அடுத்த முறை நுழையும்போது அதனை நினைவிற் கொள்வோமாக!