சங்கிலியைத் தேடிச் சென்ற சீமான்

சனிக்கிழமை மாலை சங்கிலி பூட்டப்படும். உடலிலே ஒட்டுத்துணியின்றி, வைக்கோல் பரப்பிய பெட்டிகளிலே கிடத்தப்படுவர். பணியாட்கள் போய்விடுவர். திங்கட்கிழமை காலையிலேதான் விடுதலை. முற்றத்திலே நிறுத்தித் தண்ணீரால் அடித்துக் கழுவுவர். மாட்டுக் கொட்டிலோ? அல்ல! லண்டன் மாநகரின் பெத்னல் கிரீனிலே, கட்டணம் பெற்று நடத்தப்பட்ட மனநோயாளர் விடுதி! 1827இல் பார்லிமெண்டுக் குழுவின் முன்பு வெளிவந்த கொடுமை இது.

விடுதிக்கு லைசென்ஸ் இல்லையோ என்பீர்கள். இருந்தது! 1774ஆம் ஆண்டுச் சட்டப்படி லண்டன் மருத்துவர் கழகம் லைசென்ஸ் கொடுத்தது. கொடுக்கத் தெரிந்த கழகத்துக்குப் பறிக்கும் அதிகாரம் இல்லை. கெட்ட விடுதியின் பெயரைத் தன் கட்டிடத்திலே எழுதி மாட்டலாம், அவ்வளவே. பல்லில்லாச் சட்டம், பார்த்துச் சிரித்தனர் பணம் திரட்டியோர்!

அந்தக் குழுவிலே ஓர் இளைஞர் இருந்தார். 1801இல் சீமான் வீட்டிலே பிறந்தவர்; பிற்காலத்தில் ஷாப்ட்ஸ்பரி பிரபு ஆனவர். ஆலைத் தொழிலாளருக்குப் பத்துமணி நேரச் சட்டம் வரப் போராடியவர் என்று உலகம் அவரை அறியும். இந்தத் தொண்டை அறிந்தோர் சிலரே.

1828இல் புதுச் சட்டம் வந்தது. லண்டன் விடுதிகளைக் கண்காணிக்கக் கமிஷன் அமைந்தது. அதிலே உறுப்பினரானார், பின்னர் தலைவரானார். வீடு வீடாகச் சென்றார். 1844இல் நாடு முழுவதும் உள்ள விடுதிகளின் நிலையைக் கமிஷன் அறிக்கையாக்கிப் பார்லிமெண்டின் முன் வைத்தது. மறு ஆண்டே சட்டம் பிறந்தது. நிலையான கமிஷன் எழுந்தது.

அந்தச் சட்டத்தின் வலிமை எதிலே? சொல்லிலே அல்ல, செயல்முறையிலே! கமிஷனர்கள் பகலிலும் வரலாம், இரவிலும் வரலாம். ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு நோயாளியையும் பார்த்தாக வேண்டும். கட்டிவைத்தால் ஏட்டிலே எழுத வேண்டும். சம்பளம் பெறும் கமிஷனர்களோ, மருத்துவர் மூவர், வழக்கறிஞர் மூவர். வேறு தொழில் செய்யக் கூடாது. கண்காணிப்பவன் கண்காணிக்கப்படுபவனிடம் கை நீட்டக் கூடாதல்லவா?

தலைவருக்கோ சம்பளமே இல்லை. அவருடைய மகன் ஒருவர் காக்காய்வலிப்பால் அல்லலுற்று, 1855இல் இருபது வயதிலே மாண்டார். துயரம் வீட்டிற்குள்ளும் வந்தது, தொண்டு நிற்கவில்லை. 1885இல் கண்மூடும் வரை, 57 ஆண்டுகள் அந்தப் பணியிலே இருந்தார். குறையே இல்லை என்றோமில்லை. நோயாளர் தொகை பெருகிற்று, விடுதிகள் நிரம்பி வழிந்தன, பார்க்கச் சென்றோரோ கைவிரலில் அடங்குவர்.

அயல்நாட்டுக் கதை நமக்கேன் என்பீரோ? ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றி, 1987இல் இந்தியா புதுச் சட்டம் செய்தது. லைசென்ஸ் இன்றி மனநோய் விடுதி நடத்தலாகாது என்றது. எழுதியாயிற்று, எட்டிப் பார்த்தவர் யார்? 2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி! கொட்டகையிலே தீ. காலிலே சங்கிலி. ஓட முடியாமல் கருகி மாண்டோர் 28 பேர்!

2017இல் வந்த சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது; பதிவும் பார்வையும் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்துக்குக் கால் இல்லை, அதிகாரிக்குத்தான் உண்டு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருபவர் வெள்ளையடித்த சுவரைத்தான் காண்பார். சொல்லாமல் வருபவரே சங்கிலியைக் காண்பார். அத்தகையோரை அனுப்புக என்று கேட்கிறோம். கேட்கத் தெரியாதோர், கேட்டாலும் நம்பப்படாதோர், அவர்களுக்காகவே கேட்கிறோம்!